மே மாதத்தில் ஓர் அரைநாள்



பள்ளிக்கூடம் விட்டதும் வேலைக்குப் போகிற பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குள் எப்படிக் கால் வைக்கப் போகிறது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். இந்தப் பிள்ளையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மளிகைக் கடையில் பருப்பையும் சர்க்கரையையும் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற பிள்ளை அது. ஜவுளிக் கடையில் வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளை மறுபடி மறுபடி மடித்து அடுக்குகிற பிள்ளை. தையல் கடையில் காஜா எடுக்கிற பிள்ளை. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்து வந்த துணியில் பிசிர் வெட்டுகிற பிள்ளை. முகூர்த்த நாளில் பந்திக்கு இலை போட்டு, தண்ணீர் வைத்து, சாப்பிட்ட இலையையும் எடுக்கிற பிள்ளை. விடியுமுன் சைக்கிளில் பேப்பர் போடுகிற பிள்ளை. இந்த வேலைகளில் ஒன்றுகூடக் கேவலமானதல்ல. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. முதல் வாரத்தில் கற்றுக்கொண்டதுதான் கடைசி வாரம் வரைக்கும். நூறாவது பொட்டலம் முதல் பொட்டலத்தைப் போலவே இருக்கும். சலிப்புதான் இந்த வேலைகளின் இயல்பு.

இந்த வேலை பிள்ளையிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? நேரத்தை என்று எல்லோரும் சொல்வோம். தூக்கத்தை என்றும் சொல்வோம். இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. நாளையைப் பற்றி யோசிக்கிற தெம்பு போய்விடுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதி என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கிற மனத்தின் இடம் போய்விடுகிறது. மேற்படிப்புக்குத் திட்டமிடுவது தானாக நடந்துவிடுகிற காரியமல்ல. அதுவும் ஒரு வேலை. நேரம் கேட்கிற வேலை, கவனம் கேட்கிற வேலை, பகலில் செய்தாக வேண்டிய வேலை. வசதியுள்ள வீட்டில் அந்த வேலையைப் பெற்றோர் செய்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகிற பிள்ளையின் வீட்டில் அதைச் செய்ய ஆளில்லை. அந்தப் பிள்ளையை நாம் காப்பாற்ற வேண்டுமானால், திட்டமிடுவதற்கான நேரத்தை அதற்கு ஊர் கூடி ஒதுக்கிக் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கை வேலை செய்தால் மனம் சும்மாதானே இருக்கிறது, பொட்டலம் கட்டிக்கொண்டே யோசிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் என்ற நான்கு ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்பு விவசாயிக்கு வருமானம் அறுவடையை ஒட்டி மொத்தமாக வரும். அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத காலம், அதற்குப் பின்பு காசுள்ள காலம். இரண்டு காலத்திலும் அதே விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன்பு மோசமாகச் செய்தவர்களே, அறுவடைக்குப் பின்பு நன்றாகச் செய்தார்கள். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த முடிவு வெளியாயிற்று. மனிதர் மாறவில்லை, மூளை மாறவில்லை. பற்றாக்குறை மனத்தில் ஏறி உட்கார்ந்திருந்தபோது மற்ற எதற்கும் அங்கே இடமில்லை. அனுபவப்பட்ட விவசாயிக்கே இப்படியென்றால், பதினேழு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? இந்த வாரச் சம்பளம் எப்போது வரும், நாளைக்கு லீவு கேட்டால் முதலாளி திட்டுவாரா, வீட்டு வாடகைக்கு அம்மா என்ன செய்வாள் என்று ஓடிக்கொண்டிருக்கிற மனத்தில், மூன்று மாதம் கழித்து வரப்போகிற கலந்தாய்வு எங்கே போய் உட்காரும்?

அந்த மூன்று மாதத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பொதுத் தேர்வு மார்ச்சில் நடக்கிறது. தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளை முழுநேர வேலைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு அது பெரிய உதவி, அதில் தவறு காண முடியாது. மே மாதத்தில் முடிவு வருகிறது. அதை ஒட்டியே பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையவழி விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது. சாதிச் சான்றிதழ் வேண்டும். வருமானச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும், அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை. இவற்றுக்கு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும், கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும். அந்த அலுவலகங்கள் எப்போது திறந்திருக்கின்றன? பிள்ளை கடையில் நிற்கிற அதே நேரத்தில். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பெயரில் ஓர் எழுத்துத் தவறு என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் சம்பளமும் போச்சு. அதோடு முடிந்ததா? பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, நம் மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று பார்த்து, விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்த வேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால் கிடைக்க வேண்டிய கல்லூரி கைநழுவிவிடும். இடம் ஒதுக்கப்பட்டதும் சில நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். ரகசிய எண் கைப்பேசிக்கு வரும். பல கடைகளில் வேலை நேரத்தில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். இத்தனையும் நடப்பது எந்த மாதங்களில்? வைகாசி முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வருகிற மாதத்தில். பள்ளிச் சீருடையும் நோட்டுப் புத்தகமும் விற்கிற சீசனில். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில். கடைக்கு ஆள் மிகவும் தேவைப்படுகிற நாட்களும், பிள்ளைக்கு நேரம் மிகவும் தேவைப்படுகிற நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அந்த மோதலில் தோற்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. பெஞ்சமின் காசல்மன், லிண்ட்சே பேஜ் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைத் தேடிப் பார்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்குப் போகிறேன் என்று உறுதியாக இருந்த மாணவர்களில், ஊருக்கு ஊர் வேறுபட்டு, 10 முதல் 40 சதவீதம் பேர் கோடை விடுமுறை முடிந்தபோது எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருந்தது. அவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர். இரண்டு மூன்று மாத இடைவெளியில், ஒரு படிவத்திலோ ஒரு கட்டணத்திலோ தடுக்கி விழுந்தவர்கள்.

தகவல்தான் எல்லா இடத்திலும் கிடைக்கிறதே, இணையதளம் இருக்கிறதே, வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறதே, பிள்ளை படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கும் சோதித்துப் பார்த்த பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ, வட கரோலினா மாநிலங்களில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து தருகிற அலுவலகங்களில் ஒரு முயற்சி நடந்தது. வரிக் கணக்குக்காக வந்த எளிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, பிள்ளையின் கல்வி உதவிப் படிவத்தையும் அங்கிருந்த ஊழியரே உடன் உட்கார்ந்து சில நிமிடங்களில் நிரப்பிக் கொடுத்தார். இன்னொரு பகுதியினருக்கு உதவித்தொகை பற்றிய விவரங்களை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்ட வீடுகளில், இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். விவரத்தை மட்டும் பெற்ற வீடுகளில்? மாற்றம் ஏதுமில்லை. அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிற நாம் எல்லோரும் இந்த இரண்டு எண்களை மறக்கக் கூடாது.

அப்படியானால் பிள்ளையை வேலைக்கே அனுப்பாமல் இருந்துவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. நல்லெண்ணத்தில் பிறந்த மறுப்பு இது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை பிறர் கடையில் வேலைக்குப் போகக் கூடாது, சட்டமும் அதைத் தடை செய்கிறது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் பதினாறு பதினேழு வயதில், வீட்டில் உழைக்கும் கை ஒன்றே ஒன்று இருக்கும்போது, வேலைக்குப் போகாதே என்று சொல்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? அந்த மாதச் சம்பளத்தை அவர் கொடுப்பாரா? தவிர, வேலை எல்லாப் பிள்ளையையும் கெடுத்துவிடுகிறது என்பதும் உண்மையல்ல. 1986-இல் எல்லன் கிரீன்பெர்கரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும், பள்ளி மாணவர்கள் வேலை பார்ப்பதன் தீமைகளை அடுக்கி அமெரிக்காவில் ஒரு நூல் எழுதினார்கள், அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அதன் பிறகு ஜெய்லன் மார்டிமர் என்ற சமூகவியலாளர் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், 1988-இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார். அவர் கண்டது என்ன? வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள், சீராக, நீண்ட காலம் வேலை பார்த்த பிள்ளைகள் படிப்பில் சரிந்துவிடவில்லை. படிப்பில் பெரிதாக வரமாட்டார்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளிலும், இப்படி அளவாக வேலை பார்த்தவர்கள் பட்டம் வரை போகிற வாய்ப்பு கூடியிருந்தது. மணிக்கணக்கில்லாமல் உழைத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. மின்னசோட்டா வேறு, நம் மதுரை வேறு, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊர் மாணவன் பெரும்பாலும் தன் கைச்செலவுக்கு வேலை பார்த்தான், நம் பிள்ளை வீட்டு அரிசிக்கு வேலை பார்க்கிறது. ஆனாலும் அளவு என்ற ஒன்று இருக்கிறது என்பதையும், அந்த அளவைத் தாண்டும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது என்பதையும் அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அளவு நம் சட்டத்திலேயே இருக்கிறது! நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்? 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 முதல் 18 வயதுக்கு உட்பட்ட வளரிளம் பருவத்தினரும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் அவர்களை வைக்கவே கூடாது. மற்ற இடங்களில் வைக்கலாம், ஆனால் வரையறையோடு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். மிகைநேர வேலை கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. இப்போது ஒரு சிறு கணக்கு போடுவோம். பள்ளி விட்டு நாலரை மணிக்குக் கடைக்கு வருகிற பிள்ளை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனால், நாளைக்கு இரண்டரை மணி நேரம். ஐந்து நாளைக்குப் பன்னிரண்டரை. சனிக்கிழமை ஓய்வு போக ஐந்து மணி நேரம். ஞாயிறு விடுமுறை. மொத்தம் பதினேழரை மணி நேரம். செயின்ட் பால் நகரில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து கண்ட 20 மணி நேரத்துக்குள், நம் சட்டத்தைப் பின்பற்றினாலே நாம் வந்துவிடுகிறோம். புதுச் சட்டம் கேட்டு யாரும் போராட வேண்டியதில்லை. இருக்கிற சட்டத்தை மதித்தால் போதும்.

வணிகப் பெருமக்கள் இங்கே ஒரு நியாயத்தைச் சொல்வார்கள். வியாபாரமே ஏழு மணிக்கு மேல்தானே சூடுபிடிக்கிறது, பந்தியே எட்டு மணிக்குத்தானே தொடங்குகிறது, ஏழு மணிக்குப் போகிற பையனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்பார்கள். சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடையில் கூட்ட நேரத்து வேலை மட்டும்தானா இருக்கிறது? சரக்கு பிரிப்பது, அடுக்குவது, பொட்டலம் போடுவது, இருப்பு எழுதுவது எல்லாம் மாலை ஏழுக்குள் நடக்கிற வேலைகள். அவற்றைப் பிள்ளைக்குக் கொடுங்கள், கூட்ட நேரத்தைப் பெரியவர்களுக்கு வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் மாற்றவே முடியாது என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவை மாறித்தான் இருக்கின்றன. நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதனால் வியாபாரம் நின்றுவிடவில்லை.

கலாம் பேப்பர் போட்டுத்தானே படித்தார் என்பது மேடைதோறும் கேட்கிற வாதம். உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரித்துக் கொடுக்க உறவினருக்கு உதவியாக இருந்தவர் அவர். அந்த வாழ்க்கையை நாம் போற்ற வேண்டும். ஆனால் அதே வாழ்க்கையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, சேருவதற்குப் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அதை எழுதி வைத்தவர் கலாமேதான். பேப்பர் போட்ட சிறுவனை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம், கல்லூரி வாசலில் அவருக்குப் பின்னால் நின்ற அக்காவை மறந்துவிட்டோம். உழைப்பு அவரைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்தது, வாசலுக்கு உள்ளே அனுப்பியது அந்த அக்காவின் வளையல். வேலை பார்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஓர் அக்கா இருப்பாளா? இல்லாத பிள்ளைக்கு யார் அக்கா?

அரசு இத்தனை செய்கிறதே என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். செய்கிறது, மறுக்க மாட்டேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேருகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-இலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால் இந்த உதவிகளில் பெரும்பாலானவை கல்லூரியில் சேர்ந்த பிறகு கைக்கு வருபவை. சேருவதற்கு முந்திய அந்த மூன்று மாதம் பிள்ளையின் பொறுப்பில்தான் விடப்பட்டிருக்கிறது. சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப்பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ என்ற பெயரில் முகாம்கள் நடக்கின்றன, நல்ல முயற்சி. அந்த முகாமுக்கு வருவதற்கும் பிள்ளை கடையில் லீவு கேட்க வேண்டும் என்பதை முகாம் நடத்துகிறவர்கள் மனத்தில் வைத்து, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடத்த வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே வகுப்பில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். சாதிச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் அப்போதே விண்ணப்பிக்கச் செய்யுங்கள், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும். கலந்தாய்வுப் படிவத்தைப் பற்றி விளக்கிச் சொல்வதோடு நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை இரவில் விழித்துப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் உழைப்பு என்று மதியுங்கள். தம்பி தங்கைகளே, கடையில் வேலை பார்ப்பதை ஆசிரியரிடம் மறைக்காதீர்கள். அது வெட்கப்படுகிற விஷயமல்ல. அவருக்குத் தெரிந்தால்தான் உங்களுக்கு உதவ முடியும்.

வணிகப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் எளியது. பிளஸ் டூ முடிவு வெளியாகிற நாளில் உங்கள் கடையில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன படிக்கப் போகிறாய், எந்தெந்த நாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். அந்த நாட்களுக்கு அரைநாள் விடுப்புக் கொடுங்கள், அதற்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். கலந்தாய்வு நடக்கிற வாரத்தில் கைப்பேசியைப் பிள்ளையிடமே விட்டுவையுங்கள். இதை இந்த ஆண்டே, உங்கள் கடையிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.